புதுப்பிப்பு: காய்ந்துபோன செங்காந்தள் மீண்டும் துளிர்த்தது

சத்துவாச்சாரி வீட்டு மாடித் தொட்டியில் செங்காந்தள் ஜனவரியில் தண்டோடு காய்ந்துவிட்டது, கிழங்கும் செத்துவிட்டதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"சாகவில்லை, உறங்குகிறது, தண்ணீரை நிறுத்துங்கள்" என்று ஆம்பூர் நண்பர் சொன்னதுதான் பலித்தது. உரம் போடச் சொன்னவர்கள் மன்னிக்கவும். வேலூர் வெயில் தணியும்வரை தொட்டியை நிழலில் வைத்து ஒரு சொட்டு நீர் விடவில்லை. ஜூன் இறுதியில், இரண்டு மழைக்குப் பின் மண்ணை விலக்கினால், கலப்பைபோல வளைந்த கிழங்கின் ஒரு நுனியில் வெள்ளை முளை! அது ஒடியாமல் எடுத்து, செம்மண்ணும் மணலும் கலந்து இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கவைத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: ஊன்றிய மூங்கிலைக் கொடி சீண்டவேயில்லை. இலையின் நுனியே சுருண்டுதான் அது பற்றி ஏறுகிறது. தடித்த கம்பு அதற்குப் பிடிபடாது. காட்டில் முட்புதர்களின் மெல்லிய கிளைகள் இருக்கின்றன, மாடியில் ஏது? துடைப்பக் குச்சிகளை நட்டேன், விறுவிறுவென ஏறிவிட்டது. ஆகஸ்டில் முதல் பூ. இதழ் அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக விரிந்து, சில நாளில் முழுச் சிவப்பானது.

வளர்ப்பவர்கள் கவனிக்க: கிழங்கு, விதை எல்லாவற்றிலும் கோல்சிசின் என்னும் கடும் நஞ்சு உண்டு. குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.