பெல்லட் மாற்றியதும் குண்டு கீழே இறங்குகிறது, அவசர உதவி தேவை

செம்மண்டலம்_அப்பா
வணக்கம். மகளின் ஏர் ரைபிளுக்கு வழக்கமாக வாங்கும் பெல்லட், அதாவது ஈயக் குண்டு, கடையில் தீர்ந்துவிட்டது. வேறு டப்பா கொடுத்தார்கள், இதுவும் 4.5 மி.மீ. தான் என்றார்கள். இப்போது எல்லாம் ஆறு மணிப் பக்கம், அதாவது அட்டையின் நடுவுக்கு நேர் கீழே, எட்டு, ஏழு வளையங்களில் விழுகிறது. ஒன்றிரண்டு நடுவில் உள்ள கறுப்பு வட்டத்துக்கே வெளியே போகிறது. ஞாயிறு போட்டி. குறிபார்க்கும் சைட்டைத் திருகினால் போதுமா?

வில்லியனூரான்
சார், என்ன ரைபிள்? ஸ்பிரிங்கா, காற்றை முன்கூட்டியே அடைத்துவைக்கும் பிசிபியா? எத்தனை மீட்டர்? டப்பாவில் எடை என்ன போட்டிருக்கிறது?

உப்புக்காற்று
பெல்லட்டை ஒன்று எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறதா? கடலூர் காற்றில் ஈயம் சீக்கிரம் பூத்துவிடும். கடையில் மூடி திறந்து கிடந்த டப்பாவாக இருந்தால் அதுதான் காரணம், சந்தேகமே வேண்டாம்.

கோரிமேடு_ரவை
மகள் பிடிக்கும் விதம் மாறியிருக்கும். போட்டி நெருங்கினால் குழந்தைகள் ரைபிளை இறுக்கிப் பிடிப்பார்கள். ஸ்பிரிங் ரைபிளுக்கு அது ஆகவே ஆகாது. தளர்வாகத் தாங்கச் சொல்லுங்கள்.

பத்துமீட்டர்
பெல்லட் தேர்வு பற்றி இங்கே எத்தனை முறை எழுதியாயிற்று. தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். 4.5 என்பது குழலின் அளவு. அதே 4.5-இல் பெல்லட்டின் தலை 4.48 முதல் 4.52 வரை வரும். கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினால் இப்படித்தான்.

வில்லியனூரான்
அவசரத்தில் கேட்கிறார், விடுங்கள் அண்ணே. சார், விவரம் சொல்லுங்கள்.

செம்மண்டலம்_அப்பா
ஸ்பிரிங் தான், குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் ப்ரேக் பேரல். துளை வழியே பார்க்கும் பீப் சைட். மொட்டை மாடியில் பத்து மீட்டர். பழையது 0.53 கிராம், தட்டைத் தலை. புதியதில் 0.68 என்று போட்டிருக்கிறது, தலை உருண்டை. பொடி எதுவும் இல்லை.

வில்லியனூரான்
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். கணக்குப் பாருங்கள். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 175 மீட்டரில் போகிறது என்று வைத்துக்கொண்டால் அதன் ஆற்றல் சுமார் 8 ஜூல். ஸ்பிரிங் அதே 8 ஜூலைத்தான் 0.68-க்கும் தரும். அப்போது வேகம் 154-க்கு இறங்கும். பத்து மீட்டருக்குள் முதலாவது 16 மி.மீ. விழும், இரண்டாவது கிட்டத்தட்ட 21. அந்த 5 மி.மீ. அட்டையில் இரண்டு வளையம், ஏனென்றால் ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. பத்து எட்டாவதற்கு இதுவே போதும். ஆனால் கறுப்புக்கு வெளியே சிதறுவதற்கு எடை மட்டும் காரணமாகாது.

ஹூஸ்டன்_நெல்லிக்குப்பம்
சிதறலுக்கு நான் ஒன்று சொல்கிறேன். இங்கே .308 துப்பாக்கித் தோட்டாவுக்கு நானே வெடிமருந்து நிரப்புகிறேன். புல்லட்டை மாற்றினால் பழைய மருந்து அளவை அப்படியே போடக்கூடாது, எடை ஒன்றாக இருந்தாலும் கூடாது. ஒரே எடையில் முழுச் செம்பு புல்லட் ஈயம் வைத்ததைவிட நீளம். கேஸுக்குள், அதாவது தோட்டாவின் கூட்டுக்குள், ஆழமாக இறங்கும், மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். அதனால் அந்தப் புல்லட்டுக்கென்று கையேட்டில் உள்ள தொடக்க அளவுக்கு இறங்கி, அங்கிருந்து படிப்படியாக ஏறுவோம். எடையைப் பார்த்து மாற்றுகிறவர் நீளத்தையும் குழலோடு உரசும் பகுதியையும் மறந்துவிடுகிறார்.

கோரிமேடு_ரவை
ஏர் ரைபிளில் மருந்தே கிடையாது. இந்தக் கதை இங்கே எதற்கு?

ஹூஸ்டன்_நெல்லிக்குப்பம்
அதற்குத்தான் சொன்னேன். நான் புல்லட்டுக்குத் தக்கபடி மருந்தை மாற்றிக்கொள்ளலாம். அவர் ஸ்பிரிங்கைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே ரைபிளுக்குத் தக்க பெல்லட்டைத் தேடுவது ஒன்றே வழி. கனமான பெல்லட் குழலைவிட்டு வெளியேற அதிக நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்க ரைபிள் உதைத்து நகர்ந்துகொண்டிருக்கும்.

பத்துமீட்டர்
சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று, உருண்டைத் தலையை விதி தடுக்கவில்லை. ஆனால் தட்டைத் தலை தாளில் வட்டமாக வெட்டிய ஓட்டை போடும், உருண்டை கிழித்துக்கொண்டு போகும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்று வாதம் வந்தால் நஷ்டம் குழந்தைக்கு.

லாஸ்பேட்டை_குடும்பம்
மொட்டை மாடியில் சுடுவதா? லைசென்ஸ் இருக்கிறதா? பக்கத்து வீட்டில் துணி காயப்போட வருகிறவர்களை யோசித்தீர்களா?

கோரிமேடு_ரவை
4.5-க்கு மேற்படாமல், 20 ஜூலைத் தாண்டாமல் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை, ஆயுத விதிகள் 2016-இல் இருக்கிறது. இவருடையது 8. கேட்டதற்குப் பதில் சொல்லுங்களேன்.

லாஸ்பேட்டை_குடும்பம்
8 ஜூல் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? சட்டம் வேறு, பொறுப்பு வேறு. பின்னால் பெல்லட் தாங்கும் பெட்டி, அதற்கும் பின்னால் சுவர், மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள். மூன்றும் இருக்கிறதா என்று சொல்லட்டும்.

உப்புக்காற்று
அவர் கேட்டதும் நியாயம். ஆனால் நம்ம ஊரில் பெண் பிள்ளை ரைபிள் எடுத்தாலே இப்படித்தான் கேள்வி வருகிறது. ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார்.

பத்துமீட்டர்
பிறந்தது இங்கே, வளர்ந்ததும் பழகியதும் குஜராத்தில். பெருமை மட்டும் நமக்கு.

உப்புக்காற்று
ஊர்ப் பெண் என்று சொல்லக்கூட உரிமை இல்லையா?

பத்துமீட்டர்
சொல்லுங்கள், தாராளமாக. மாடியில் பழகும் இந்தப் பிள்ளைக்கு ஒரு டப்பா சரியான பெல்லட் கிடைக்க வழி செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

வில்லியனூரான்
இழை எங்கேயோ போகிறது. சார், இதைச் செய்யுங்கள். ரைபிளை மடக்காமல், ஸ்பிரிங் ஏறாத நிலையிலேயே குழலை மட்டும் கொஞ்சம் திறக்க முடிந்தால் திறங்கள். முடியாவிட்டால் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். பெல்லட்டைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்துங்கள். தடையே இல்லாமல் நழுவி விழுந்தால் அளவு சிறியது. பிறகு மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளி அந்தப் பக்கம் எடுத்து, தலையைச் சுற்றிப் பாருங்கள். குழலின் உட்சுவரில் உள்ள வரிகள் கீறிய கோடுகள் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் பளபளவென்றும் மறு பக்கம் கீறலே இல்லாமலும் இருந்தால் அந்தப் பெல்லட் குழலைச் சரியாகப் பிடிக்கவில்லை, அதை வைத்துச் சைட்டைத் திருகுவது வீண். தட்டைத் தலை 0.53-இல் இரண்டு அளவு வாங்கி, மேசையில் மணல் பை வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து சுடுங்கள். எது நெருங்கி விழுகிறதோ அது. எங்கே விழுகிறது என்பது அப்புறம், அதற்குத்தான் சைட்.

கோரிமேடு_ரவை
ரைபிளின் கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்டாக் ஸ்க்ரூவையும் பாருங்கள். ஸ்பிரிங் உதையில் தளரும்.

செம்மண்டலம்_அப்பா
புதியதில் ஒரு பக்கம் கீறலே இல்லை. புதுச்சேரியில் தட்டைத் தலை 0.53 கிடைத்தது, தலை 4.50. ஐந்தும் ஒன்பதுக்குள். சைட் பழைய இடத்திலேயே. பெட்டியும் சுவரும் இருக்கின்றன, தாழ்ப்பாள் இன்று போட்டாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

வில்லியனூரான்
அதே அளவில் இன்னும் இரண்டு டப்பா வாங்கி வையுங்கள், டப்பாவில் உள்ள லாட் எண்ணும், அதாவது தயாரிப்புத் தொகுதி எண்ணும், ஒன்றாக இருக்கட்டும். ஞாயிறு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

கோரிமேடு_ரவை
ஸ்க்ரூ பார்த்தீர்களா?