மறு: ‘மங்கல்’ வேண்டாம், ‘தள்ளாட்டம்’ என்று வைப்போம்

அன்புடையீர்,

கம்பியில்லாத் தொடர்பியலுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொல்வரிசையில் இரைச்சல் (noise), குறுக்கீடு (interference), தடம் (channel) ஆகிய மூன்றும் நிலைபெற்றுவிட்டன. நான்காவதில் வந்து நிற்கிறோம். சமிக்ஞையின் வலு ஏறியும் இறங்கியும் நிலைகொள்ளாமல் இருப்பதற்கு, அதாவது ஆங்கிலத்தின் ‘fading’ என்பதற்கு, என்ன பெயர்? நான் சொல்வது ‘தள்ளாட்டம்’. ஆனால் மறுப்பு வந்திருக்கிறது.

> ‘மங்கல்’ போதும். மாணவர்களுக்கு உடனே புரியும்.

ரோஸ் ஹில் ஊரிலிருந்து எழுதும் ஐயாவின் இந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பார்வை மங்குகிறது, சாயம் மங்குகிறது, புகழ் மங்குகிறது என்கிறோம். எல்லாமே ஒரு திசையில் இறங்குபவை. கோபுரத்தைவிட்டு விலக விலக அலை வலுவிழப்பதைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சொல் பொருந்தும். அதற்கும் ‘நலிவு’ என்று முன்பே எழுதிவைத்திருக்கிறோம்.

நாம் பெயர் தேடும் நிகழ்வு வேறு. மொரிசியஸின் தலைநகர் போர்ட் லூயியில் ஒரு குறுகிய தெருவில் நிற்பவரின் கைப்பேசிக்கு அலை நேராக மட்டும் வருவதில்லை. எதிர்க் கட்டடச் சுவரில் பட்டும், பஸ்ஸின் தகட்டில் பட்டும், ‘சிக்னல் மலை’ என்ற குன்றில் பட்டுத் திரும்பியும் வருகிறது. வந்து சேரும் அலைகள் முகட்டோடு முகடு பொருந்தினால் வலு கூடும். முகடும் பள்ளமும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர். ஆகவே ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு 16, 17 சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட இல்லை. கைப்பேசியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றுவதற்குள் வலு விழுந்து எழுந்துவிடும். இதை ‘மங்கல்’ என்று படிக்கும் மாணவர், தொலைவு கூடியதால் வலு குறைந்தது என்றே புரிந்துகொள்வார். பிறகு அவருக்கு ரேலிப் பரவலை, அதாவது இப்படி ஏறி இறங்கும் வலுவைக் கணிக்கும் நிகழ்தகவுப் பரவலை, விளக்க முடியாது.

பிழைக்கணக்கிலும் இதன் விளைவு பெரியது. இருநிலைக் கட்டப் பண்பேற்றத்தை (BPSK, ஒவ்வொரு பிட்டையும் அலையின் இரண்டு கட்டங்களில் ஒன்றால் குறிக்கும் முறை) எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பிட்டுகளுக்கு ஒரு பிழை என்ற தரத்துக்கு, இரைச்சல் மட்டுமே உள்ள தடத்தில் சமிக்ஞை-இரைச்சல் விகிதம் ஏறத்தாழ 7 டெசிபெல் இருந்தால் போதும். ரேலி வகைத் தடத்தில் சராசரியாக 24 டெசிபெல் வேண்டும். இந்த 17 டெசிபெல் வேறுபாடு ஏறத்தாழ 50 மடங்கு ஆற்றல்! சராசரி வலு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தச் சில ஆழ்ந்த பள்ளங்களில்தான் பிழைகள் குவிகின்றன. நிகழ்வின் சாரமே இந்த விழுதலும் எழுதலும் என்பதால், சொல்லிலும் அது தெரிய வேண்டும் என்கிறேன்.

நம் தீவில் பொறியியல் படிப்பவர்களில் பலருக்குப் பிரெஞ்சு தெரியும். அங்கே இதற்கு ‘எவனுயிஸ்மான்’ என்று பெயர். மயங்கி விழுவதற்கும் அதே சொல்தான். மயங்கியவர் எழுந்துவிடுவார், ஆகவே அது ‘மங்க’லைவிட நெருக்கமாக வருகிறது. ஆனாலும் அதை அப்படியே ‘மயக்கம்’ என்று தமிழாக்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

> ‘தள்ளாட்டம்’ என்றால் கள் குடித்தவன் நினைவுக்கு வருவான். வகுப்பில் சிரிப்பார்கள்.

மோக்கா ஊரிலிருந்து எழுதும் அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பொருளாதாரம் தள்ளாடுகிறது, ஆட்சி தள்ளாடுகிறது என்று செய்தித்தாள்கள் எழுதும்போது யாரும் சிரிப்பதில்லை. வலுக்குறைவு, நிலையின்மை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் வேறு தமிழ்ச் சொல் எனக்குத் தென்படவில்லை. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: சமிக்ஞை தள்ளாடுகிறது. தள்ளாடும் தடம். விரைவுத் தள்ளாட்டம், மெதுவான தள்ளாட்டம், ரேலித் தள்ளாட்டம். வினையாகவும் பெயராகவும் எச்சமாகவும் தடையின்றி நடக்கிறது. பாடம் எழுத உட்காருகிறவருக்கு இந்த வசதி பெரிது.

அடுத்தது ‘பரவல் நிறமாலை’ (spread spectrum). முதலில், நிறமாலை ஒளிக்கு உரியது. வானொலிக்கு ‘அலைக்கற்றை’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களே ஊரறியச் செய்துவிட்டன. இரண்டாவது, பரவுவது தன்வினை. இங்கே அலை தானாகப் பரவவில்லை. அனுப்புபவர் ஒவ்வொரு பிட்டையும் வேகமான குறித்தொடரால் (தமக்கெனக் குறித்த ஒரு குறியீட்டு வரிசையால்) பெருக்கி, வேண்டுமென்றே பரப்புகிறார். எனவே ‘பரப்பிய அலைக்கற்றை’, சுருக்கமாகப் ‘பரப்பலை’. பலர் ஒரே தடத்தை ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்குப் ‘பன்முக அணுக்கம்’ (multiple access) என்று எழுதுகிறார்கள். முகங்கள் பல இல்லை, ஆட்கள்தான் பலர். ‘பலரணுக்கம்’ என்றால் நேராக இருக்கிறது. பரப்பலைப் பலரணுக்கம். சற்று நீளம்தான், இருந்தாலும் மாற்றுக் கருத்து இல்லையென்றால் முடித்துவிடலாம்.

குறித்தொடரின் ஒவ்வொரு சிறுகூற்றையும் ‘சில்லு’ என்று எழுதாதீர்கள். மின்சுற்றுச் சில்லு ஏற்கெனவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ‘துணுக்கு’ என்போம். மகாநகர் டெலிபோன் மொரிசியஸ் நிறுவனம் இங்கே நடத்திய சிடிஎம்ஏ (ஒவ்வொருவரையும் அவரவர் குறித்தொடரால் பிரித்தறியும் பலரணுக்கம்) சேவையின் முறையில் நொடிக்கு 12,28,800 துணுக்குகள். ஒரு துணுக்குக்குள் அலை கடக்கும் தூரம் 244 மீட்டர். மலையில் பட்டு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் எதிரொலி நான்கு துணுக்கு தாமதமாக வரும். ஏற்பி, அதாவது அலையைப் பெறும் கருவி, அதைத் தனியே பிரித்தெடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். எதிர்ச்சுவரில் பட்டு இருபது மீட்டர் சுற்றி வருவதைப் பிரிக்க முடியாது, அங்கே தள்ளாட்டம் தள்ளாட்டமாகவே நிற்கும். பிரிந்து வந்தவற்றைச் சேர்க்கும் இந்த ஏற்பியை ஆய்வாளர்கள் பிரைஸ், கிரீன் இருவரும் 1958இல் வெளியிட்டார்கள். தோட்டத்தில் சருகு கூட்டும் கருவியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ‘வாரி ஏற்பி’ என்கிறேன், வாரிச் சேர்ப்பதால்.

ஒரு வேண்டுகோள். சிலர் பிற பயனர்களின் குறுக்கீட்டையும் ‘இரைச்சல்’ என்றே எழுதுகிறார்கள். கணக்குப் போடும்போது அப்படிக் கருதுவது வழக்கம்தான். ஆய்வாளர் பர்ஸ்லி 1977இல் காட்டிய வழியில், எல்லாருடைய வலுவும் சமம் என்றால், மற்றப் பயனர்களின் எண்ணிக்கையை ஒரு பிட்டிலுள்ள துணுக்குகளின் எண்ணிக்கையின் மூன்று மடங்கால் வகுத்து, அதை இரைச்சலோடு கூட்டிக்கொள்கிறோம். ஆனால் சொல் ஒன்றாகிவிடக் கூடாது. இரைச்சலை வெல்ல ஆற்றலைக் கூட்டலாம். எல்லாரும் ஆற்றலைக் கூட்டினால் குறுக்கீடும் கூடவே ஏறும், பிழைவீதம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காது. ஒருவர் மட்டும் கோபுரத்தின் அருகில் நின்று உரக்க அனுப்பினால், தொலைவில் உள்ளவர்களின் சமிக்ஞை அமுங்கிப்போகும். இதற்காகவே அந்தச் சிடிஎம்ஏ முறையில் கோபுரம் நொடிக்கு 800 முறை ‘கூட்டு’, ‘குறை’ என்று கைப்பேசிக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளைகள் துரத்துவது தள்ளாட்டத்தைத்தான்.

இப்படிக் கட்டளையிட்டு வலுவைச் சீராக்குவதற்கு ‘வலுக்கட்டுப்பாடு’, ‘ஆற்றல் கட்டுப்பாடு’ இரண்டில் எது என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் முன்னதன் பக்கம். மோக்கா அம்மா, உங்கள் மாணவர்களிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
குவாத்ர் போர்னிலிருந்து