ஸ்கேனர் தமிழில் அடிக்குது, பிரின்டர் தமிழை அடிக்க மாட்டேங்குது: மளிகை பில்லிங் சந்தேகம்

பருப்புக்கணக்கு:
வணக்கம். மளிகைக்கடை கவுன்டருக்கு விண்டோஸ் கணினி, யுஎஸ்பி பார்கோடு ஸ்கேனர், 80 மி.மீ. தெர்மல் பிரின்டர், கேஷ் டிராயர், எலக்ட்ரானிக் தராசு எல்லாம் வாங்கியாச்சு. சிக்கல் மூணு.

கம்பெனி பாக்கெட்டுகள் சரியா ஸ்கேன் ஆகுது. நாங்களே ஒட்டுற ஸ்டிக்கரில் கே, எம்னு ரெண்டு சின்ன ஆங்கில எழுத்து (km), பிறகு 045. அதை ஸ்கேன் பண்ணினா திரையில் "மர045"னு விழுது. பில்லில் பொருள் பெயர் தமிழில் வரணும். ஆனா வெறும் கேள்விக்குறியா வருது. கேஷ் டிராயர் வயரில் டெலிபோன் பின் மாதிரி இருக்கு, கணினியில் அதுக்கு ஓட்டையே இல்லை.

கூடவே ஒரு கேள்வி: தராசு எடையை நேரா பில்லுக்குள்ள கொண்டுவர முடியுமா?

கம்பிமுனை:
முதல் சிக்கலுக்குக் காரணம் தமிழ்99, அதாவது கணினியில் தமிழ் தட்டச்சுக்கான விசை அமைப்பு. ஸ்கேனரைக் கணினி ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கும். கோடுகளைப் படித்து, அந்த விசைகளை யாரோ தட்டியது போல வேகமாக அனுப்பும். கடைசியில் ஒரு என்டர். தமிழ்99 ஆனில் இருந்தால் கே விசை ம, எம் விசை ர. எண்கள் மாறாது, அதனால்தான் கம்பெனி பாக்கெட் தப்பித்தது. பெரிய எழுத்தாக இருந்தால் ஷிப்டும் சேர்ந்து போய் வேறு ஏதாவது குறி விழுந்திருக்கும்.

உடனடி வழி: ஸ்கேன் செய்யும் முன் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். நிரந்தர வழி: ஸ்டிக்கரில் எண் மட்டும் வையுங்கள். மென்பொருள் ஏற்றுக்கொண்டால், ஸ்கேனரோடு வந்த கையேட்டில் அதற்கென உள்ள பார்கோடை ஸ்கேன் செய்து விர்ச்சுவல் காம் போர்ட் முறைக்கு (கீபோர்டாக இல்லாமல், தனி இணைப்பு வழியாக மென்பொருளுக்கு நேராக எண்ணை அனுப்பும் முறை) மாற்றலாம். அப்புறம் எந்த மொழி ஆனில் இருந்தாலும் கவலையில்லை.

டிராயருக்குக் கணினியைத் தேடாதீர்கள். பிரின்டரின் பின்பக்கம் பாருங்கள், அதே அளவில் ஒரு ஓட்டை இருக்கும். பிரின்டர்தான் 24 வோல்ட் துடிப்பை அனுப்பித் திறக்கும். டிரைவர் செட்டிங்கில் கேஷ் டிராயர் திறப்பதை இயக்கினால் போதும். பிரின்டர் அணைந்திருந்தால் டிராயர் திறக்காது, சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அந்த ஓட்டையில் டெலிபோன் லைனை மட்டும் சொருகிவிடாதீர்கள்.

எட்டுபுள்ளி:
கேள்விக்குறிக்கு வருகிறேன். இந்த பிரின்டர்களுக்குள் இருக்கும் எழுத்துருவில் பொதுவாகத் தமிழ் கிடையாது. மென்பொருள் எழுத்தாக அனுப்பினால் '?' என்றுதான் அடிக்கும். பில் மென்பொருளில் டெக்ஸ்ட் முறையை விட்டு, விண்டோஸ் டிரைவர் வழியாக அச்சடிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவாக நிர்மலா யுஐ அல்லது லதா வையுங்கள். தமிழ் படமாகப் போகும்.

பருப்புக்கணக்கு:
வந்துடுச்சு! ஆனா மெதுவா வருது, 'ணு', 'ஞ' எல்லாம் மை அப்பின மாதிரி இருக்கு.

எட்டுபுள்ளி:
மெதுவாக வருவது சகஜம். எழுத்தின் குறியீட்டை மட்டும் அனுப்பாமல் ஒவ்வொரு புள்ளியையும் அனுப்புகிறீர்களே. அப்பலுக்கு மை காரணமில்லை. இதில் மையே கிடையாது, தாளின் பூச்சு சூட்டில் கறுக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான். 80 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 72 மி.மீ., ஆக 576 புள்ளி. சின்ன தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு அது போதாது. எழுத்தளவை 10 பாயின்டுக்குக் கீழே இறக்காதீர்கள், போல்டை எடுத்துவிடுங்கள், டிரைவரில் டென்சிட்டியை (அச்சின் கருமை அளவு) ஒரு படி குறையுங்கள். அப்புறமும் நீளவாக்கில் வெள்ளைக் கோடு விழுந்தால் ஹெட்டில் (தாளைச் சூடாக்கும் பகுதி) அழுக்கு: அணைத்து, ஆறவைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கத்தி, ஊசி வேண்டாம்.

தாள் வெறுமையாக வந்தால் ரோல் தலைகீழ். நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் ஹெட்டைத் தொடவேண்டும்.

முத்திரைத்தராசு:
தராசில் ஆர்எஸ்-232 போர்ட் (எடையைக் கணினிக்கு அனுப்பும் பழைய வகை இணைப்பு) இருக்கிறதா பாருங்கள், 9 பின். இருந்தால் யுஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கினால் போதும். மென்பொருளிலும் தராசிலும் தகவல் அனுப்பும் வேகம் (பாட் ரேட்) ஒன்றாக இருக்கவேண்டும், பெரும்பாலும் 9600. எடைக்குப் பதில் கிறுக்கல் எழுத்து வந்தால் இதுதான் கோளாறு. ஒன்றுமே வராவிட்டால் காம் எண்ணை (விண்டோஸ் அந்த இணைப்புக்குத் தரும் எண்) பாருங்கள். மாற்றியை வேறு யுஎஸ்பி ஓட்டையில் சொருகினால் எண் மாறிவிடலாம்.

வயருக்காகத் தராசைப் பிரிக்கவேண்டாம், எடையளவுத் துறை வைத்த அரசு முத்திரை உடைந்தால் அபராதம் வரை போகும். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொருமுறை மறுமுத்திரை வேண்டும்.

லேபிள் அடிக்கும் தராசாக இருந்தால் இன்னும் எளிது, வயரே வேண்டாம். 2100045012506 என்று அடித்தால் 21 கடைக்குள் பயன்படும் குறியீடு, 00045 பொருள் எண், 01250 எடை, அதாவது 1 கிலோ 250 கிராம், கடைசி 6 சரிபார்ப்பு எண். மென்பொருளில் எந்த இலக்கம் எதற்கு என்று ஒருமுறை சொல்லிவைத்தால் ஸ்கேனர் ஒன்றே எடையையும் சேர்த்து அடித்துவிடும். உங்கள் ஸ்டிக்கர் சிக்கலும் அதோடு தீர்ந்தது.

கம்பிமுனை:
நல்ல யோசனை. ஒன்று மட்டும்: பொருள் பட்டியலை எக்ஸெலில் தயாரித்தால் பார்கோடு நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 13 இலக்க எண்ணை 2.1E+12 போலச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (மென்பொருளுக்குள் ஏற்றும் எளிய பட்டியல் கோப்பு) சேமித்தால் பின்னால் உள்ள இலக்கங்கள் போயே போச்சு, எத்தனை ஸ்கேன் பண்ணினாலும் "பொருள் இல்லை" என்றுதான் வரும்.