ஸ்டால் என்பதற்குத் 'திணறல்': ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் செய்த சீஎன்சி ரவுட்டரில், அதாவது கணினி சொல்கிறபடி பலகையைச் செதுக்கும் இயந்திரத்தில், மோட்டர் வேலை நடுவில் நின்றுவிடுகிறதே, அந்த 'ஸ்டால்' (stall) என்பதற்கு நம் கலைச்சொல் உரையாடலில் இதுவரை நிறுத்தம், முடக்கம், தடைப்படல் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. படிமோட்டர் (படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டர்), நுண்படி (ஒரு படியின் சிறு பங்கு, மைக்ரோஸ்டெப்) இரண்டிலும் எல்லோரும் உடன்பட்டுவிட்டோம், அவற்றை மறுபடி கிளற வேண்டாம். நான் முன்வைப்பது 'திணறல்'. கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் ஸ்டால் என்று ஒரே பெயரில் முறையிடுகிற கோளாறுகள் உண்மையில் நான்கைந்து. அவற்றுக்குத் தனித்தனிச் சொல் இல்லாவிட்டால் பட்டறையில் ஒருவருக்கு ஒருவர் உதவ முடியாது.

கல்முனை அண்ணன் சொன்ன 'நிறுத்தம்' எளிமையான சொல்தான். ஆனால் சிவப்புப் பொத்தானுக்குக் கீழே 'அவசர நிறுத்தம்' என்று எழுதுகிறோம். நாம் வேண்டுமென்று நிறுத்துவதும் மோட்டர் முடியாமல் நிற்பதும் ஒரே பெயரில் இருந்தால், திரையில் 'எக்ஸ் அச்சு நிறுத்தம்' என்று வரும்போது பக்கத்தில் நிற்கும் பொடியன் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருப்பான். 'முடக்கம்' டிரைவரின் (மோட்டருக்கு மின்னோட்டம் கொடுக்கும் மின்சுற்றின்) எனேபிள் இணைப்பை அணைப்பதற்குத் தேவைப்படும், அதை அங்கேயே விட்டுவிடலாம். 'தடைப்படல்' மின்சாரத்துக்கும் பொருந்தும், போக்குவரத்துக்கும் பொருந்தும்.

திணறல் ஏன் பொருந்துகிறது என்றால், மோட்டருக்குள் நடப்பதை அது அப்படியே சொல்கிறது. லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) வயல் சேற்றில் புதைந்து என்ஜின் நின்றால் சத்தமும் சேர்ந்து நின்றுவிடும். படிமோட்டரில் அப்படி இல்லை. சுருள்களில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், காந்தப்புலம் சுற்றிக்கொண்டே இருக்கும், சுழலி மட்டும் அதைத் தொடர முடியாமல் ஒரே இடத்தில் நின்று கர்ரென்று அதிரும். ஒருமுறை அப்படி நின்றுவிட்டால், வேகமாகச் சுற்றுகிற புலத்தை நின்ற இடத்திலிருந்து எட்டிப் பிடிக்க அதனால் முடியாது. கட்டுப்பாட்டுப் பலகைக்கோ இது எதுவுமே தெரியாது, சுழலி எங்கே இருக்கிறது என்று திரும்பிச் சொல்ல அங்கே எதுவும் பொருத்தப்படவில்லை. திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். முயற்சி நடக்கிறது, அசைவு இல்லை. இந்த நிலைக்குத் தமிழில் திணறுவது என்றுதான் பெயர்.

மூச்சுத்திணறல் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தயங்கினார். அது நல்லதுதான் என்பேன், கேட்டவுடன் பொருள் விளங்கிவிடும். சொல்லும் வளைந்து கொடுக்கிறது: திணறும் வேகம், திணறும் சுமை, திணறல் உணரி. 'கிளம்பும்போதே திணறுது, ஆர்முடுகலைக் குறை' என்று பட்டறையில் இயல்பாகச் சொல்லலாம். (தமிழ்நாட்டு நண்பர்கள் முடுக்கம் என்று வாசித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் ஜீஆர்பீஎல் (GRBL) மென்பொருளில் 120, 121, 122 என்ற எண்களில் வரும் அமைப்புகள் அவை.) ஓட்டத்தின் உச்ச வேகத்தில் திணறினால் காரணம் வேறு. சுருளின் தூண்டலும் சுழற்சியால் எழும் எதிர் மின்னழுத்தமும் மின்னோட்டம் ஏறவிடாமல் தடுக்கின்றன, முறுக்குவிசை விழுந்துவிடுகிறது. 24 வோல்ற்று மின்வழங்கியை, டிரைவர் தாங்குமென்றால், 36 ஆக மாற்றினால் திணறும் வேகம் மேலே போகும். இடைப்பட்ட ஒரு வேகத்தில் மட்டும் உறுமித் திணறினால் அது பரிவு, அதாவது ஒத்ததிர்வு. எப்போதும் அச்சின் அதே இடத்தில் திணறினால் மோட்டரை விட்டுவிட்டுத் தண்டவாளத்தின் நேரையும் திருகுதண்டின் வளைவையும் பாருங்கள். வாவிக்கரையிலும் கடற்கரையிலும் பட்டறை வைத்திருப்பவர்கள் மாரி முடிந்ததும் திருகுதண்டைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். உப்புக்காற்றில் பிடித்த துருவே ஒரு நல்ல மோட்டரைத் திணற வைக்கப் போதும்.

இனி மற்றச் சொற்கள். முழுதாக நிற்காமல், சுமை கூடிய ஒரு கணத்தில் சுழலி பின்தங்கி மறுபடி சேர்ந்துகொள்வதற்குப் 'படி தவறல்' என்று சொல்லலாம். இதற்கு ஓர் அளவு இருக்கிறது, அதனால்தான் தனிச்சொல் கேட்கிறேன். நாம் வாங்குகிற 1.8 பாகை மோட்டரின் சுழலியில் 50 பற்கள். அது தவறினால் ஒரு பல் இடைவெளி, அதாவது நான்கு முழுப் படிகள், அல்லது அதன் மடங்குகள்தான் தவறும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்தும் பந்துத் திருகில் அது 0.1 மில்லிமீற்றர். 8 மில்லிமீற்றர் நகர்த்தும் திருகில் 0.16.

ஒரு படி நகரச் சொல்லிப் பலகை அனுப்பும் மின்துடிப்பே டிரைவரைப் போய்ச் சேராவிட்டால் 'துடிப்பு விடுபடல்'. எழுத்து விடுபடுவதுபோல. எட்டில் ஒன்று நுண்படியில் வைத்தால் சுற்றுக்கு 1600 துடிப்பு, அந்த 5 மில்லிமீற்றர் திருகில் ஒரு துடிப்புக்கு 0.003 மில்லிமீற்றர் அளவுதான். ஆனால் திசைச் சமிக்ஞைக்கும் துடிப்புக்கும் இடையில் போதிய நேரம் விடாதபோது திசை ஒரு குறிப்பிட்ட பக்கமாக மாறும் ஒவ்வொரு தடவையும் ஒன்று விடுபடக்கூடும். முதிரைப் பலகையில் பூ வேலை செய்கிற கோப்பில் ஆயிரம் தடவை அப்படித் திசை மாறினால் 3 மில்லிமீற்றர் இடம் பெயர்ந்துவிடும். பார்ப்பவர் மோட்டர் திணறுகிறது என்று மின்னோட்டத்தைக் கூட்டுவார். எந்தப் பயனும் இல்லை, மோட்டர் சூடாவதுதான் மிச்சம். பிழை மெல்ல மெல்லக் கூடுகிறதா, 0.1, 0.2 என்று திடீரெனக் குதிக்கிறதா என்று அளந்து பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்.

தண்டும் இணைப்பியும் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதற்கு 'வழுக்கல்' போதும். இரண்டுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு வேலையை ஓடவிடுங்கள், கோடு உடைந்திருந்தால் இறுக்க வேண்டியது சிறிய திருகாணி. படி தவறலை 'நழுவல்' என்று சொல்லலாம் என்ற யோசனையை இதனால்தான் ஏற்க முடியவில்லை. நழுவலும் வழுக்கலும் காதில் ஒன்றாக விழும்.

கடைசியாக, கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் காலத்தில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் டிரைவர் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்வது. இதையும் ஸ்டால் என்றுதான் எழுதுகிறார்கள். இது திணறலே அல்ல, இங்கே முயற்சியும் இல்லை. அச்சைக் கையால் தள்ளிப் பாருங்கள், விறைப்பு இல்லாமல் இலகுவாக நகரும், கர்ரென்ற சத்தமும் இருக்காது. 'ஓய்தல்' என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் வேலை முடிந்த பிறகு மோட்டரை ஓய்வில் விடும் அமைப்போடு குழம்பும். மருந்து மின்விசிறிதான், சொல்தான் இன்னும் கிடைக்கவில்லை.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அறிவியல் கற்பித்தவர், கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தவர். பொருளைக் கையாள்பவரே சொல்லையும் ஆக்கும் வழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. அதனால் அகராதியை மட்டும் பார்த்து இதை முடித்துவிடக் கூடாது. அக்கரைப்பற்று, ஏறாவூர்ப் பக்கம் மரவேலைக்கு ரவுட்டர் ஓட்டுகிறவர்கள் டிரைவர் சூட்டில் அணைந்துவிடுவதை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். திணறல், படி தவறல், துடிப்பு விடுபடல், வழுக்கல் நான்கிலும் மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். வேறு சொல் இன்னும் நன்றாகப் பொருந்தினால் அதையே வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
கல்லடி, மட்டக்களப்பிலிருந்து