தானே அசைப்பது, பிறர் அசைத்துவிடுவது: செயலிக்கு இரண்டு சொற்கள் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். இயன்முறை மருத்துவச் செயலி ஒன்றை நாளை இரவுக்குள் தமிழாக்கித் தர வேண்டும். போனைக் காலில் பட்டையால் கட்டி முழங்காலை மடக்கினால், அதிலுள்ள முடுக்கமானி என்ற உணரி புவியீர்ப்புத் திசையை வைத்துச் சாய்வைக் கணக்கிட்டு, எத்தனை பாகை என்று காட்டும். மூட்டு எவ்வளவு அசைகிறது என்ற அந்த அளவுக்கு ‘இயக்க வீச்சு’ என்று போட்டுவிட்டேன். ஆள் தானே மடக்குவது ஒன்று, மருத்துவர் பிடித்து மடக்கிவிடுவது இன்னொன்று. இவற்றை எப்படிப் பிரித்துச் சொல்வது?

தமிழாசிரியர்:
இலக்கணம் தயாராக வைத்திருக்கிறதே! திருந்தினான் தன்வினை, திருத்தினான் பிறவினை; மடங்கு, மடக்கு அதே வழி. தன்வினை வீச்சு, பிறவினை வீச்சு. முழங்காலே ‘முடங்கு’ என்பதன் வழி வந்தது என்பது என் துணிபு. கிரேக்கத்திலும் மூலையைக் குறிக்கும் ‘கோனியா’வுக்கு முழங்காலைக் குறிக்கும் ‘கோனு’ உறவு.

இயன்முறை மருத்துவர்:
ஐயா, நோயாளி தானே செய்யும்போதும் ‘காலை மடக்கினேன்’ என்று நீங்கள் சொல்லும் பிறவினையில்தான் சொல்கிறார். அப்புறம், ‘வினை’ வேண்டாம். ஒரு பயிற்சித்தாளில் ‘செய்வினை இயக்கம்’ என்று அச்சாகி வந்தது. வயதான அம்மா ஒருவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “எனக்கு யாருப்பா செஞ்சாங்க?” என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.
இது வெறும் பெயர்ச் சிக்கல் இல்லை. தானே மடக்கினால் 70 பாகை, நான் மடக்கிவிட்டால் 95 என்றால், தசை பலவீனமோ வலியோ தடுக்கிறது. இரண்டும் 70-லேயே நின்றால் மூட்டு இறுகியிருக்கிறது. எண்கள் இடம் மாறினால் சிகிச்சையே மாறிவிடும்.

மாணவி:
தன்மடக்கு, பிறர்மடக்கு?

தமிழாசிரியர்:
மடக்கு தண்டியலங்காரத்தில் ஓர் அணி, அம்மா. வீட்டில் ஒரு மடக்குத் தண்ணீர். தோளை உயர்த்துவதை எப்படி மடக்கு என்பீர்கள்?

மொழிபெயர்ப்பாளர்:
சரி, ‘தானே’, ‘உதவியோடு’ என்று வைக்கலாமா?

இயன்முறை மருத்துவர்:
‘உதவியோடு’ மூன்றாவது வகை. அவர் பாதி முயல்வார், மீதியை நான் தூக்கிவிடுவேன். ‘நீங்களே அசைத்தது’, ‘பிறர் அசைத்தது’ என்று போடுங்கள். யாருக்கும் விளங்கும்.

தமிழாசிரியர்:
விளங்கும், ஆனால் அது சொல்லாகாது. நாளை பாடநூல் எழுதுகிறவர் இதை எப்படித் தலைப்பாக்குவார்? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
பதிந்துகொண்டேன், ஐயா. நேரமில்லாததால் மருத்துவர் சொன்னதையே அனுப்புகிறேன். ‘வீச்சு’ பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. பள்ளி இயற்பியலில் அது அலையின் வீச்சாயிற்றே?