ஒரு நாட்டின் துக்கம் போருக்குக் காரணமாக்கப்படுவது எப்படி? எந்தத் தாள்களைப் பார்ப்பது?

கிளமெண்டி_வாசகர் கேட்கிறார்:

வணக்கம். அடுத்த மாதம் வட்டார நூலகத்தில் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருடன் தமிழில் ஒரு கலந்துரையாடல். நேரம் 40 நிமிடம். "செப்டம்பர் 11 தாக்குதலைக் காட்டி ஈராக் போரை நியாயப்படுத்தினார்கள்" என்று எல்லாரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். எப்படி என்று கேட்டால் "பொய் சொன்னார்கள்" என்பதோடு நின்றுவிடுகிறது. படிப்படியாக நடந்தது என்ன? மாணவர்கள் கையில் எந்தத் தாளைக் கொடுத்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்? டோங்கின் வளைகுடா, மெய்ன் கப்பல் எல்லாவற்றையும் இதே வரிசையில் வைக்கலாமா? சிங்கப்பூர் அப்போது என்ன செய்தது என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், அதற்கும் பதில் வேண்டும்.

பழங்கோப்பு பதில்:

"பொய்" என்ற சொல்லில் தொடங்க வேண்டாம் ஐயா. தொடங்கினால் பேச்சு "அதிபர் புஷ்ஷுக்குத் தெரியுமா, தெரியாதா" என்று ஒரு மனிதரின் மனத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும். 40 நிமிடமும் அதிலேயே கரையும். தேதியையும் வாசகத்தையும் கையில் கொடுங்கள், அவை போதும்.

முதலில் தேதிகள். 2001 செப்டம்பர் 11 பிற்பகல் 2:40. தாக்கப்பட்ட அமெரிக்கத் தற்காப்புத் தலைமையகமான பென்டகனில் புகை அடங்கவில்லை. தற்காப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் சொன்னதை உதவியாளர் ஸ்டீபன் கேம்போன் குறிப்பெடுக்கிறார்: கிடைக்கும் தகவல் ஈராக் அதிபர் சதாம் ஹுசைனையும் சேர்த்து அடிக்கப் போதுமா என்று பார்க்க வேண்டும், அல்-காய்தா தலைவர் பின் லாடனை மட்டும் அல்ல. அதே குறிப்பில், சம்பந்தப்பட்டது சம்பந்தப்படாதது எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பெருக்கு என்ற பொருளில் ஒரு வரி. விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதிகள், 2 பேர் ஐக்கிய அரபு சிற்றரசுகள், ஒருவர் எகிப்து, ஒருவர் லெபனான். ஈராக்கியர் ஒருவரும் இல்லை. தாக்கியது யார் என்று விசாரித்து முடிக்கும் முன்பே பதிலில் ஈராக்கின் பெயர் சேர்ந்துவிட்டது.

செப்டம்பர் 14. படைபலத்தைப் பயன்படுத்த அதிகாரம் தரும் தீர்மானம். செனட்டில் 98-0, கீழவையில் 420-1. எதிர்த்த ஒரே உறுப்பினர் கலிபோர்னியாவின் பார்பரா லீ.

2001 டிசம்பர் 9. கடத்தல்காரர்களின் தலைவன் முகமது அட்டா பிராக் நகரில் ஈராக்கிய உளவு அதிகாரியைச் சந்தித்தது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது என்று துணையதிபர் செய்னி தொலைக்காட்சியில் சொல்கிறார். 2004ல் செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய விசாரணை ஆணையம், அப்படி ஒரு சந்திப்பு நடந்ததாக நம்ப ஆதாரம் இல்லை என்றது.

2002 செப்டம்பர். பிரசாரம் ஏன் கோடைக்குப் பிறகு தொடங்குகிறது என்று கேட்டதற்கு, ஆகஸ்டில் யாரும் புதுப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர மாட்டார்கள் என்று வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ கார்ட் பதில் சொன்னார். அது செய்தித்தாளில் வந்தது செப்டம்பர் 7ஆம் தேதி. முதலாம் நினைவுநாளுக்கு நான்கே நாள். அக்டோபர் 10, 11ல் ஈராக் தீர்மானம்: கீழவை 296-133, செனட் 77-23. நவம்பர் 5 தேர்தல்.

இந்த நாட்காட்டியை 1991 வளைகுடாப் போரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அப்போது ஈராக் குவைத்தைப் பிடித்த பிரச்சினை கண்முன் இருந்தும், 1990 நவம்பர் தேர்தல் முடிந்த பிறகுதான் வாக்கெடுப்பு. செனட்டில் 52-47, இழுபறி. இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு, நடுவே என்ன மாறியது என்று கேளுங்கள். செப்டம்பர் 11ம் வரும், தேர்தல் தேதியும் வரும். எது எவ்வளவு என்று அவர்களே வாதாடட்டும்.

இனி தாள்கள். மூன்றே மூன்று கொடுங்கள், நான்காவது வேண்டாம்.

முதல் தாள், 2001 தீர்மானத்தின் மையப் பகுதி. ஆங்கிலத்தில் 60 சொல்தான். தாக்குதலைத் திட்டமிட்டோர், அனுமதித்தோர், செய்தோர், உதவியோர், அவர்களுக்குப் புகலிடம் தந்தோர் என்று "அதிபர் தீர்மானிக்கிற" நாடுகள், அமைப்புகள், ஆட்கள். இங்கேதான் தமிழில் தவறு நடக்கும். பலரும் "கண்டறியப்பட்ட" என்று மொழிபெயர்க்கிறார்கள். அப்படி எழுதினால் ஏதோ நீதிமன்றம் ஆதாரம் பார்த்தது போலத் தொனிக்கும். மூலத்தில் தீர்மானிப்பவர் அதிபர் ஒருவரே. அந்த வினைச்சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டாவது, 2002 தீர்மானத்தின் முகவுரை. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பொறுப்பான அல்-காய்தாவின் உறுப்பினர்கள் "ஈராக்கில் இருப்பதாக அறியப்படுகிறது" என்று ஒரு வரி. பொய்யென்று தள்ள முடியாது. ஆனால் 2003 பிப்ரவரி 5 அன்று ஐநாவில் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் காட்டிய முகாம் குர்மால் பக்கம், வடகிழக்கு மலைப் பகுதியில் இருந்தது. அந்த இடம் பாக்தாத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. "ஈராக்கில்" என்ற சொல் நிலப்படத்தில் சரி, ஆட்சி அதிகாரத்தில் சரியில்லை. ஒரு வேற்றுமை உருபு எவ்வளவு சுமக்கிறது பாருங்கள்.

மூன்றாவது, 2003 மார்ச் 18 தேதியிட்டு புஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய கடிதம். போருக்கு முந்திய நாள். அதில் இரண்டாவது பத்தி: இந்த நடவடிக்கை, செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், செய்தவர்கள், உதவியவர்கள் உட்பட பயங்கரவாதிகள் மீதான நடவடிக்கையைத் தொடர்வதற்கு "இசைவானது". ஈராக் செய்தது என்று எங்கும் சொல்லவில்லை. "இசைவானது" என்பதைத் "தொடர்புடையது" என்று மொழிபெயர்த்தால் மொழிபெயர்ப்பாளரே வெள்ளை மாளிகைக்கு வேலை செய்துவிடுகிறார். ஒவ்வொரு தாளிலும் எழுவாயைக் கோடிடச் சொல்லுங்கள்: தாக்கியவர் யார், அடி வாங்கப் போகிறவர் யார். முதல் தாளில் இருவரும் ஒருவரே. மூன்றாவது தாளில் இருவரும் வேறு, ஆனால் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். துக்கம் உண்மை, 2,977 உயிர் போனது உண்மை. அந்தத் துக்கம் போய்ச் சேர வேண்டிய முகவரியை இடையில் மாற்றினார்கள்.

செங்காங்_கணக்கு பதில்:

பழங்கோப்பு சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் எண்களில் மாணவர்கள் வழுக்குகிற இரண்டு இடம் உண்டு.

ஒன்று, "மக்களுக்குப் பிடிக்காத போர்" என்ற சொல். பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் அது சரி. 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன், ரோம், மாட்ரிட் தெருக்கள் நிரம்பின. அமெரிக்காவில் போர் தொடங்கிய வாரம் பத்தில் ஏழு பேர் ஆதரித்தார்கள். வெறுப்பு பிறகு வந்தது. அந்த ஆதரவு எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் தலைப்பே. தாக்குதலுக்கு முன் காலப் கருத்துக்கணிப்பில் புஷ்ஷுக்கு ஆதரவு 51 விழுக்காடு, செப்டம்பர் 21-22ல் 90. போர் நியாயம் கட்டப்பட்டது அந்த மேட்டின் மேல்.

இரண்டு, "69 விழுக்காட்டினர் சதாம்தான் செய்தார் என்று நம்பினார்கள்" என்பது. 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் கேட்டது, சதாமுக்கு இதில் நேரடிப் பங்கு "இருக்கக்கூடுமா" என்று. 69 விழுக்காடு இருக்கக்கூடும் என்றது. "கூடும்" என்பதை விழுங்கிவிட்டால் எதிரணி அங்கேயே பிடித்துக்கொள்ளும், பிடிப்பதும் நியாயம்தான்.

அடுத்த மாதமே, 2003 செப்டம்பர் 17 அன்று, சதாமுக்குப் பங்கு இருந்ததற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை என்று புஷ்ஷே சொல்லிவிட்டார். ஆனால் மே 1 அன்று விமானந்தாங்கிக் கப்பலில் நின்று, 2001 செப்டம்பர் 11ல் தொடங்கிய போரில் ஈராக் ஒரு வெற்றி என்று பேசியிருந்தார். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். மறுப்பு வந்தபோது பாக்தாத் விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நீலக்கடல் பதில்:

டோங்கின், மெய்ன் பற்றி. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள், வகை வேறு.

மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் உண்மையான துயரம். 1898 பிப்ரவரி 15 இரவு, ஸ்பெயின் ஆண்ட கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் வெடித்து 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கடற்படை விசாரணைக் குழு மார்ச்சில், வெளியே இருந்த கண்ணிவெடிதான் காரணம் என்றது. வைத்தவர் யார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் அதே அறிக்கையில் எழுதியது. அந்தக் கடைசி வரியைத் தெருவில் யாரும் படிக்கவில்லை. ஏப்ரல் 25ல் ஸ்பெயின்மேல் போர்ப் பிரகடனம். 1976ல் அட்மிரல் ரிக்கோவரின் ஆய்வு, நிலக்கரி அறையில் தானாகப் பற்றிய தீ பக்கத்து வெடிமருந்து அறைக்குப் பரவியிருக்க வேண்டும் என்று முடித்தது. அந்தக் காலக் கப்பல்களில் இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புச் சுவர்தான். புகைநிலக்கரி தானே சூடேறும் குணம் உள்ளது. காரணம் பற்றி இன்றும் வாதம் இருக்கிறது, ஆனால் ஸ்பெயின் செய்தது என்பதற்குச் சான்று இல்லை.

வியட்நாம் போருக்கு வழிவிட்ட டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பலில் ஒருவர்கூட இறக்கவில்லை. வட வியட்நாம் படகுகளுடன் 1964 ஆகஸ்ட் 2 மோதல் நடந்தது. ஆகஸ்ட் 4 மோதல் நடக்கவில்லை. அன்றிரவு கேப்டன் ஹெரிக் அனுப்பிய செய்தியைக் கட்டாயம் காட்டுங்கள்: வானிலை ரேடாரைக் குழப்பியிருக்கலாம், சோனார் கேட்பவர் ஆர்வக்கோளாறில் இருந்திருக்கலாம், மேடக்ஸ் கப்பலில் யாரும் கண்ணால் எதையும் பார்க்கவில்லை, முழுமையாக ஆராய்ந்த பிறகு மேல்நடவடிக்கை எடுக்கலாம். ஆராயவில்லை. அன்றிரவே அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் பதிலடியை அறிவித்தார். ஆகஸ்ட் 7ல் தீர்மானம், கீழவையில் எதிர்ப்பே இல்லை, செனட்டில் 88-2. எதிர்த்த இருவர் மோர்ஸ், குரூனிங். தீர்மானத்தின் வரைவு சில மாதங்களுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

வரைவு எப்போது எழுதப்பட்டது என்று கேட்பதுதான் எந்தப் போருக்கும் முதல் கேள்வி. சம்பவத்துக்கு முந்திய தேதி என்றால், சம்பவம் காரணமாக இருந்திருக்க முடியாது.

1931ல் சீனாவின் முக்டென் நகரில் நடந்தது வேறு கதை. ஜப்பானிய இராணுவத்தினரே தங்கள் ரயில்பாதையில் குண்டு வைத்துவிட்டுச் சீனர்மேல் பழி போட்டார்கள். அது சதி. சதியை உதாரணமாக வைத்தால் மாணவர்கள் செப்டம்பர் 11ம் சதி என்ற இணையக் குப்பைக்குள் போய்விடுவார்கள். தயவுசெய்து அந்தக் கதவைத் திறக்காதீர்கள். 40 நிமிடத்தில் மூட முடியாது, இறந்தவர் குடும்பங்களுக்கும் அது அநியாயம்.

தீவுநோக்கு பதில்:

சிங்கப்பூர் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன். 2001, 2002 இரண்டாண்டும் சிங்கப்பூர் ஐநா பாதுகாப்பு மன்றத்தில் நிரந்தரமற்ற உறுப்பினர். 2002 நவம்பர் 8 அன்று 1441ஆம் தீர்மானம் 15-0 என்று நிறைவேறியபோது நம் வாக்கும் அதில் இருந்தது, சிரியாவின் வாக்கும் இருந்தது. "அப்படியானால் போருக்கு வாக்களித்தோம்" என்று ஒரு மாணவர் சொல்வார். அது தவறு. தீர்மானம் சொன்னது ஆயுதச் சோதனைக்கு இறுதி வாய்ப்பு, தவறினால் "கடுமையான விளைவுகள்". தானாகப் படைபலத்துக்கு இட்டுச் செல்லும் விசை எதுவும் இதில் இல்லை என்று அமெரிக்கத் தூதர் நெக்ரோபாண்டேயே அன்று மன்றத்தில் சொன்னார். அந்தத் தீர்மானத்தில் பேச்சு ஆயுதம் பற்றியது. செப்டம்பர் 11ஐக் காட்டி 15 வாக்கு வாங்கியிருக்க முடியாது.

பிறகு 2003 மார்ச்சில் வெள்ளை மாளிகை வெளியிட்ட கூட்டணிப் பட்டியலில் சிங்கப்பூரின் பெயரும் இருந்தது. சதாம் வீழ்ந்தபின் மறுசீரமைப்புக்கென்று தரையிறங்கு கப்பலும் போக்குவரத்து விமானமும் அனுப்பினோம். இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1983 அக்டோபர் 23 அன்று பெய்ரூட்டில் 241 அமெரிக்கப் படையினர் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். 25ஆம் தேதி அமெரிக்கா கரிபியன் தீவு நாடான கிரனடாவுக்குள் இறங்கியது. 27ஆம் தேதி அதிபர் ரீகன் இரண்டையும் ஒரே உரையில் சேர்த்துப் பேசினார். கிரனடாத் திட்டம் பெய்ரூட்டுக்கு முன்பே நகரத் தொடங்கியிருந்தது, ஆகவே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. ஐநா பொதுச்சபையில் அந்தப் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. நட்பு நாடு என்று பார்க்கவில்லை. சிறிய நாடு இன்னொரு சிறிய நாட்டின் மீதான படையெடுப்பை அப்படித்தான் பார்க்க முடியும்.

கிளமெண்டி_வாசகர்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. மூன்று தாள் திட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். "அப்படியென்றால் ஆப்கானிஸ்தான் போரும் இதே வகையா?" என்று கேட்டால்?

பழங்கோப்பு பதில்:

இல்லை. முதல் தாளையே திருப்பிக் காட்டுங்கள். அல்-காய்தா அங்கே இருந்தது, தாலிபான் புகலிடம் தந்தது, பாதுகாப்பு மன்றமும் செப்டம்பர் 12 அன்றே 1368ஆம் தீர்மானத்தில் தற்காப்பு உரிமையை அங்கீகரித்தது. அந்தப் போர் நடத்தப்பட்ட விதம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம், முகவரி மாறவில்லை. பார்பரா லீ பயந்தது வேறொன்று: அந்த 60 சொல்லில் காலக்கெடுவும் இல்லை, இட எல்லையும் இல்லை. பின்னாளில் 2001ல் பிறந்தேயிராத அமைப்புகள் மீதும் அதே வாசகத்தைக் காட்டிப் படையை ஏவினார்கள்.

நேரம் மிஞ்சினால் மாட்ரிட்டைக் காட்டுங்கள். ஸ்பெயின் மக்களில் பத்தில் ஒன்பது பேர் ஈராக் போருக்கு எதிர், அரசு சேர்ந்தது. 2004 மார்ச் 11, தேர்தலுக்கு மூன்று நாள் முன், நான்கு ரயில்களில் 10 குண்டுகள், 190க்கு மேற்பட்டோர் சாவு. அரசு உடனே பாஸ்க் பிரிவினை அமைப்பான ஏட்டாவைக் கைகாட்டியது. பாதுகாப்பு மன்றமே அன்று மாலை 1530ஆம் தீர்மானத்தில் ஏட்டாவின் பெயரை எழுதிவிட்டது. அதே நாள் அல்கலா டி எனாரெஸ் ரயில் நிலையம் அருகே நின்ற ஒரு வேனில் வெடிதூண்டிகளும் குர்ஆன் ஓதும் ஒலிநாடாவும் கிடைத்திருந்தன. 14ஆம் தேதி ஆளுங்கட்சி தோற்றது. 1530ஆம் தீர்மானத்தில் ஏட்டாவின் பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. அதையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.