கோரைப்பல் நீண்ட சிறு மான்: கேளையாடா, சருகுமானா?

கேள்வி (ஜயநகர், பெங்களூரு):
சென்ற வாரம் நாகரஹோளே சஃபாரியின்போது, காட்டுக்குள்ளிருந்து நாய் குரைப்பது போன்ற ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. சற்று நேரத்தில் செம்பழுப்பு நிறச் சிறு மான் ஒன்று பாதையைக் கடந்தது. குட்டையான கொம்புகள் இருந்தன. வாயோரம் பல்லும் துருத்தியிருந்தது. ஓட்டுநர் அதைக் ‘காடுகுரி’ என்றார். உடன் வந்த நண்பரோ, இப்படிப் பல் நீண்டிருந்தால் அது சருகுமான்தான் என்று இன்றுவரை வாதிடுகிறார். எது சரி?

பதில் 1:
ஓட்டுநர் சொன்னதே சரி. காடுகுரி என்பது நம் கேளையாடுதான். கன்னடத்தார் குரி என்பதும் நாம் ஆடு என்பதும் பெயரளவில்தான். கேளையாடு மான் குடும்பத்து விலங்கு. சருகுமானில் ஆணுக்கும் கொம்பு கிடையாது, உடலில் வெண்புள்ளிகளும் கோடுகளும் உண்டு, எடையோ ஏறத்தாழ 3 கிலோதான். கேளையாடு 20 கிலோவைத் தாண்டியும் வளரும். புலி, சிறுத்தையின் நடமாட்டத்தை உணர்ந்தால் நெடுநேரம் குரைக்கும். நீங்கள் கேட்டது அதுவாகவும் இருக்கலாம்.

பதில் 2:
நண்பரின் பிழை பல்லை உறவுக்கு அடையாளமாகக் கொண்டதில் இருக்கிறது. கொம்பில்லாமல் நீண்ட கோரைப்பல் மட்டும் கொண்ட கஸ்தூரி மானை முன்பு மான் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள். இன்று அது தனிக் குடும்பம், மரபணு வழியில் மாட்டினத்துக்கே நெருக்கமானது. சீனாவின் நீர்மானுக்கும் கொம்பில்லை, ஆனால் அது அசல் மான். அதன் முன்னோர் கொம்பை இழந்துவிட்டனர். சருகுமானோ இவை எல்லாவற்றிலிருந்தும் மிக முன்பே பிரிந்த தனிக் குடும்பம். அசைபோட்டாலும் அதன் இரைப்பை மாட்டினுடையதைப் போல நான்கு அறைகளாக முழுமை பெறவில்லை. கேளையாட்டில் ஆணுக்குக் கொம்பு, பல் இரண்டுமே உண்டு. ஆண்களுக்கிடையிலான சண்டையில் கொம்பால் தள்ளி, பல்லால் கிழிக்கும்.

பதில் 3:
பல்லைக் கண்டு கேளையாட்டைப் ‘பழைய’ மான் என்று எண்ணிவிடுவோருக்காக ஒரு செய்தி. இந்தியக் கேளையாட்டின் பெண்ணுக்கு 6 குரோமோசோம்கள் (உயிரணுவில் மரபணுக்களைத் தாங்கும் இழைகள்), ஆணுக்கு 7. பாலூட்டிகளில் இதுவே மிகக் குறைவு என்பது 1970இல் தெரியவந்தது. அதே பேரினத்துச் சீனக் கேளையாட்டுக்கு 46. இந்தியக் கேளையாட்டில் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குறைந்த எண்ணிக்கை இது. ஆகவே பின்னாளில் நிகழ்ந்த மாற்றமே. மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கைக் கேளையாடுகள் தாய்வழி மரபணுவில் தனிக் கிளை என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே நாகரஹோளேயில் நீங்கள் கண்டதைத் தனிச் சிற்றினமாகக் கொள்வதா என்பதே என் பார்வையில் பெரிய வழக்கு.